குளிர்ப் பிரதேசத்தில் அஸ்திவாரம்: மண்ணிலும் கலவையிலும் தண்ணீரின் கணக்கு

உறைபனி விழும் இடங்களில் அஸ்திவாரம் என்றதும் பேச்சு நேராகக் கலவையின் கிரேடுக்கு, அதாவது அதன் பல வகுப்புக்குப் போய்விடுகிறது. எம்25 போதுமா, எம்30 வேண்டுமா, 12 மி.மீ. கம்பியை 16 ஆக்கலாமா? இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. அஸ்திவாரத்தைச் சுற்றியுள்ள மண்ணுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஊற்றிய கான்கிரீட்டின் வெப்பம் முதல் இரண்டு நாளில் எந்த வழியாக வெளியேறுகிறது? இவ்விரண்டுக்கும் பதில் தெரியாமல் கிரேடைக் கூட்டுவது வீண் செலவு. உறைந்து எழும்பும் மண் வீட்டையே தூக்கும். அதற்கு எம்25-உம் ஒன்றுதான், எம்40-உம் ஒன்றுதான்.

இந்தப் பதிவில் டிகிரி என்று வருவதெல்லாம் செல்சியஸ்.

மண் ஏன் எழும்புகிறது

தண்ணீர் உறைந்தால் கன அளவு 9 சதவீதம் கூடும். அதனால் மண் உப்புகிறது என்பது பரவலான விளக்கம். கணக்குப் போட்டுப் பார்த்தால் இது பொருந்தாது. ஒரு மீட்டர் ஆழம் உறைந்த மண்ணில் கன அளவில் 30 சதவீதம் தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொண்டாலும், அதன் 9 சதவீதம் வெறும் 27 மி.மீ. ஆனால் மோசமான மண்ணில் தரை 10, 15 செ.மீ. எழும்புவது உண்டு. மிச்சம் எங்கிருந்து வந்தது?

கீழேயிருந்து வந்தது. உறையும் மட்டம் மண்ணுக்குள் மெல்ல இறங்கும்போது, துகள்களைச் சுற்றி உறையாத மெல்லிய நீர்ப்படலம் மிஞ்சியிருக்கும். அந்தப் படலம் அடியிலுள்ள ஈரத்தை மேலே உறிஞ்சும். வந்த தண்ணீர் உறையும் மட்டத்தில் சேர்ந்து தட்டையான பனிக்கட்டித் தகடாகும். உறையும்போது அது வெளியிடும் வெப்பம், உறையும் மட்டம் மேலும் கீழே இறங்காமல் தடுத்து நிறுத்தும். மட்டம் ஒரே இடத்தில் நின்றால் தகடு இன்னும் தடிக்கும். முடி அளவில் தொடங்கி சில செ.மீ. வரை தடித்த தகடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக உருவாகும். அந்தத் தகடுகளின் மொத்தத் தடிமன்தான் தரை எழும்பிய அளவு.

1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஸ்டீபன் டேபர் என்ற அமெரிக்கப் புவியியலாளர் இதை அழகாக நிரூபித்தார். தண்ணீருக்குப் பதில் பென்சீனை மண்ணில் ஊற்றி உறைய வைத்தார். பென்சீன் உறைந்தால் சுருங்கும். அப்படியும் மண் எழும்பியது. ஆக, எழும்பலுக்கு முதல் காரணம் மேலே இழுக்கப்பட்டு வந்து சேரும் திரவம்தான்.

இது தெரிந்தால் வேலை சுலபம். எழும்பலுக்கு மூன்றும் ஒருசேர வேண்டும்: குளிர், தண்ணீர் வரத்து, நுண்ணிய மண். ஏதாவது ஒன்றை அப்புறப்படுத்தினால் போதும். ஆழமாகத் தோண்டுவது, வடிகால் அமைப்பது, மண்ணை மாற்றுவது, காப்புப் பலகை புதைப்பது என எல்லா முறையும் இந்த மூன்றில் ஒன்றை நீக்கும் வழிதான்.

மண்ணில் மிக மோசமானது வண்டல். தண்ணீரை மேலே இழுக்கும் அளவுக்கு அதன் துளைகள் சிறியவை. இழுத்த தண்ணீர் வேகமாக வந்து சேரும் அளவுக்குப் பெரியவை. களிமண்ணின் உறிஞ்சும் விசை இன்னும் அதிகம்தான், ஆனால் அதில் தண்ணீர் ஊர்ந்துதான் வரும். சுத்தமான பெருமணலிலும் சரளையிலும் உறிஞ்சலே கிடையாது. மண் பொறியியலாளர் ஆர்தர் காசக்ராண்டே 1931-இல் சொன்ன அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: பல அளவுத் துகள்கள் கலந்த மண்ணில் 0.02 மி.மீ.க்கும் நுண்ணியது எடையில் 3 சதவீதத்தைத் தாண்டினால் எழும்பலை எதிர்பார்க்கலாம். ஒரே சீரான அளவுள்ள மண்ணுக்கு இந்த எல்லை 10 சதவீதம்.

ஆய்வகத்துக்கு அனுப்பும் முன்பே கையால் ஒரு சோதனை செய்யலாம். தோண்டிய குழியின் அடிமட்டத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து, கல்லை நீக்கி, கூழாகும் வரை நனைத்து உள்ளங்கையில் தட்டையாக வையுங்கள். மறு கையால் அந்தக் கையின் பக்கவாட்டில் நாலைந்து முறை தட்டுங்கள். வண்டலாக இருந்தால் மேற்பரப்பில் தண்ணீர் கசிந்து பளபளக்கும். விரலை மடக்கி அமுக்கினால் பளபளப்பு சட்டென்று மறைந்து மண் மங்கலாகி விறைக்கும். களிமண் இப்படிச் செய்யாது. பளபளப்பு எவ்வளவு வேகமாக வந்து போகிறதோ அவ்வளவு எச்சரிக்கை தேவை.

எவ்வளவு ஆழம்

உறையும் ஆழத்துக்குக் கீழே ஃபுட்டிங்கை (அஸ்திவாரத்தின் அகன்ற அடிப்பாகத்தை) வைப்பதுதான் பழைய, நம்பகமான விதி. அந்த ஆழத்தை உள்ளூர்க் கட்டட விதிகள் சொல்லும். அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் உங்கள் மனையில் அது அப்படியே பொருந்தாமல் போகலாம்.

ஸ்டெஃபான் சமன்பாடு ஒரு தோராயம் தரும். குளிர்காலம் முழுக்க மேற்பரப்பு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இருந்த அளவை நாள்தோறும் கூட்டினால் கிடைப்பது உறைவுக் குறியீடு. அது 800 டிகிரி-நாள் என்று வைப்போம். ஈரம் 15 சதவீதம், உலர் அடர்த்தி கன மீட்டருக்கு 1700 கிலோ, உறைந்த நிலையில் வெப்பம் கடத்தும் திறன் 1.7 உள்ள வண்டலில் உறையும் ஆழம் சுமார் 1.65 மீட்டர் வரும். அதே குளிரில், ஈரம் 4 சதவீதமே உள்ள சரளைக்கு (அடர்த்தி 1900, கடத்துதிறன் 1.5) கிட்டத்தட்ட 2.85 மீட்டர். இந்தச் சமன்பாடு மண்ணில் ஏற்கெனவே இருக்கும் சூட்டைக் கணக்கில் எடுக்காததால் எப்போதும் கூடுதலாகவே காட்டும். ஒப்பீடு மட்டும் உண்மை: காய்ந்த சரளைதான் அதிக ஆழம் உறையும். ஈரமண் உறையும்போது வெளியிடும் வெப்பம் குளிரைத் தாமதப்படுத்துகிறது. சரளையில் அந்தத் தடை இல்லை. ஆழமாக உறைந்தாலும் சரளை எழும்பாது. உறையும் ஆழமும் எழும்பும் ஆபத்தும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

பனிப்போர்வை இன்னொரு காரணி. விழுந்த பனி அப்படியே கிடந்தால் அது நல்ல காப்பு. வாசலிலும் கார் நிறுத்தும் இடத்திலும் பனியை வாரித் தள்ளிவிடுகிறோம். அங்கே குளிர் பக்கத்து மண்ணைவிட ஆழம் இறங்கும். வீட்டுச் சுவர் அசையாமல் நிற்க, வாசற்படி மட்டும் எழும்பிக் கதவு திறக்காமல் போவதற்கு இதுவே வழக்கமான காரணம். படிக்கட்டு, வராந்தா தூண், கார் கொட்டகை ஆகியவற்றுக்கும் வீட்டுக்குச் சமமான ஆழம் கொடுங்கள். வெப்பம் கிடைக்காத இடம் என்பதால் அவற்றுக்குத்தான் ஆபத்து கூட.

ஃபுட்டிங்கை ஆழத்தில் வைத்த பிறகும் தூண் எழும்புவதுண்டு. மண் உறையும்போது தூணின் பக்கங்களோடு ஒட்டிக்கொள்ளும். மண் எழும்பும்போது தூணையும் பிடித்துத் தூக்கும். லேசான மேடை, வேலித் தூண், கொட்டகை போன்றவற்றில் எதிர்த்து அழுத்தும் எடை குறைவு என்பதால் அவை சுலபமாக எழும்பும். எழும்பிய தூணுக்கு அடியில் உண்டான வெற்றிடத்தில் மண் சரிந்து விழும். வசந்தத்தில் பனி உருகினாலும் தூண் பழைய மட்டத்துக்கு இறங்காது. ஒவ்வொரு ஆண்டும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்.

இதற்குச் சில தீர்வுகள். தூணின் அடி அகலமாகவும் மேல் குறுகலாகவும் இருக்கட்டும். குழியை மண்வெட்டியால் தோண்டி நேரடியாக மண்ணுக்குள் ஊற்றினால் மேல்வாய் காளான் குடைபோல் அகன்றுவிடும். உறைந்த மண்ணுக்கு அது நல்ல பிடி. அட்டைக் குழாய் வைத்து ஊற்றினால் பக்கங்கள் வழவழப்பாக வரும். அதன்மேல் இரண்டு சுற்று பாலிதீன் தாள் சுற்றி வைத்தால் மண் வழுக்கிப் போகும். ஃபுட்டிங்கிலிருந்து தூணுக்குச் செங்குத்துக் கம்பி தொடர்ச்சியாக வர வேண்டும். இல்லாவிட்டால் மண் தூணை மட்டும் பிடுங்கி எடுத்துக்கொள்ளும், ஃபுட்டிங் கீழேயே கிடக்கும். சுற்றி நிரப்புவதற்குத் தோண்டிய மண்ணையே போடாமல், கழுவிய சரளையைப் போடுங்கள்.

வடிகாலை யாரும் ரசித்துச் செய்வதில்லை, ஆனால் குறைந்த செலவில் நிறையப் பலன் தருவது அதுதான். ஃபுட்டிங்கின் வெளிப்பக்கம், அதன் அடிமட்டத்தை ஒட்டி 100 மி.மீ. விட்டமுள்ள, துளையிட்ட குழாய், 100 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு, சுற்றிலும் கழுவிய 20 மி.மீ. ஜல்லி, அதைச் சுற்றி வண்டல் புகாத வடிதுணி. குழாயின் வெளிவாய் உறைந்து அடைபடாத இடத்தில் இருக்க வேண்டும். வெளிவாய் அடைத்தால் வடிகாலே நீர்த்தொட்டியாகி, தவிர்க்க நினைத்த தண்ணீரை அஸ்திவாரத்தின் காலடியிலேயே தேக்கி வைக்கும். மேல்மண்ணை வீட்டிலிருந்து விலகிச் சரியும்படி மட்டம் செய்வதும் கூரை நீரைத் தள்ளி விடுவதும் இதோடு சேர்ந்த வேலைகள்.

ஆழம் வேண்டாம் என்றால் காப்பு

ஒன்றரை மீட்டர் வானம் தோண்டாமல், 40 செ.மீ. ஆழத்தில் அஸ்திவாரம் வைத்துக் குளிரையே மண்ணுக்குள் இறங்கவிடாமல் தடுக்கும் முறை ஒன்று உண்டு. ஸ்காண்டிநேவிய நாடுகளில் இப்படி நின்றுகொண்டிருக்கும் வீடுகள் பத்து லட்சத்துக்கு மேல். அமெரிக்காவில் இதற்காகச் சிவில் பொறியாளர் சங்கம் வெளியிட்ட ஏ.எஸ்.சி.இ. 32 விதிமுறை 2001-இல் வந்தது. வீட்டுக்குள் எரியும் வெப்பம் தரை வழியாகக் கசிந்து அடிமண்ணைச் சூடாக வைத்திருக்கிறது. அந்தச் சூடு பக்கவாட்டில் தப்பிப் போகாமல் தடுப்பதுதான் இதன் உத்தி.

சுவரின் வெளிமுகத்தில் மேலிருந்து ஃபுட்டிங் வரை எக்ஸ்.பி.எஸ். (தண்ணீர் எளிதில் புகாத, நெருக்கமான பாலிஸ்டைரீன் நுரை) பலகை, வழக்கமாக 50 மி.மீ. தடிமன். அங்கிருந்து வெளிப்பக்கமாகக் கிடைமட்டத்தில் இறக்கை போல் இன்னொரு பலகை, மண்ணுக்கு 25 முதல் 30 செ.மீ. கீழே, வெளிநோக்கிச் சற்றுச் சரிவாக. அகலமும் தடிமனும் அந்த இடத்தின் உறைவுக் குறியீட்டைப் பொறுத்தவை. மிதமான குளிரில் இறக்கையே தேவைப்படாது, கடுங்குளிரில் ஒரு மீட்டரும் போகலாம். மூலைகளில் மட்டும் இரண்டு பக்கத்திலிருந்தும் குளிர் வருவதால் அங்கே இறக்கை அகலமும் தடிப்பும் கூடும். தரைக்கு மேல் தெரியும் பலகையை வலை வைத்துப் பூசி மூடுங்கள், வெயில் அதை அரித்துவிடும்.

சாதாரண வெள்ளைத் தெர்மாகோலை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். ஈரமண்ணில் அது தண்ணீரைக் குடித்துக் காப்புத்திறனை இழக்கும். அடர்த்தி கூடிய ரகத்தை எடுத்தாலும், ஈரத்துக்கான கழிவைச் சேர்த்துத் தடிமனைக் கூட்ட வேண்டும்.

இந்த முறையின் பலவீனத்தையும் திறந்தே சொல்ல வேண்டும். வீட்டில் வெப்பம் இருக்கும் வரைதான் இது அஸ்திவாரம். ஏ.எஸ்.சி.இ. கணக்கு, உள்ளறையின் மாதச் சராசரி 17 முதல் 18 டிகிரியாவது இருக்கும் என்ற நம்பிக்கையில் போடப்பட்டது. குளிர்காலத்தில் பூட்டிப் போட்டுப் போகும் வீட்டுக்கு அந்த வடிவமைப்பு பொருந்தாது. வெப்பமில்லாத கட்டடங்களுக்கான வடிவமைப்பு தனி: அடியில் எழும்பாத சரளைப் படுகை, அதன்மேல் அஸ்திவாரம் முழுக்க அடியில் தொடர்ச்சியாக ஓடும், பாரம் தாங்கும் ரகக் காப்புப் பலகை, அது வெளியேயும் நீள வேண்டும்.

ஆண்டு முழுக்க நிலம் உறைந்தே கிடக்கும் பகுதிகளில் விதி தலைகீழ். அங்கே மண்ணைச் சூடாக்குவதுதான் ஆபத்து. சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரில் கட்டடங்களைப் பைல்கள் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய தூண்கள்) மேல் தூக்கி நிறுத்தி, தரைக்கும் கட்டடத்துக்கும் நடுவே காற்று ஓட விடுவது உறைந்த மண் உருகாமல் இருக்கத்தான். அது தனிப் பதிவுக்கான விஷயம்.

கலவைக்குள் நடப்பது

இனி கான்கிரீட். அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் ஏ.சி.ஐ. 306 வழிகாட்டி, வெப்பநிலை 4 டிகிரிக்குக் கீழே போயிருந்தாலோ பாதுகாப்புக் காலத்தில் போகும் என்று எதிர்பார்த்தாலோ அதைக் குளிர்காலக் கான்கிரீட் வேலை என்கிறது, இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 7861 இரண்டாம் பகுதியின் எல்லை 5 டிகிரி. பகல் 9 டிகிரி, இரவு மைனஸ் 3 என்றாலும் இந்த வரையறைக்குள் வந்துவிடும். பகல் வெயிலை நம்பி மாலையில் ஊற்றிவிட்டுப் போவதுதான் மிகச் சாதாரணமான தவறு.

புதுக் கலவையிலுள்ள தண்ணீர் சுமார் மைனஸ் 2 டிகிரியில் உறையும். இறுகும் முன் ஒரு முறை உறைந்தாலே இறுதிப் பலத்தில் பாதி வரை போகலாம். பிறகு எவ்வளவு கியூரிங் (ஈரமாக வைத்துப் பதமாக்குதல்) செய்தாலும் அது திரும்பாது. ஆனால் கான்கிரீட் 3.5 மெகாபாஸ்கல் பலம் அடைந்துவிட்டால் ஒரு முறை உறைவதைத் தாங்கிக்கொள்ளும். அதற்குள் தண்ணீரில் கணிசமான பங்கை சிமென்ட் எடுத்துக்கொண்டுவிடும். மிஞ்சியது உறைந்து பெருக உள்ளே காலியிடம் கிடைக்கும். 10 டிகிரியில் வைத்திருந்தால் நல்ல கலவை இரண்டாம் நாளில் இந்த நிலையை எட்டும். பாதுகாப்பு முழுவதும் இந்த முதல் எல்லையைப் பத்திரமாகக் கடக்கவே.

ஊற்றும் நேரத்தில் கான்கிரீட்டின் வெப்பநிலை, குறுக்களவு 30 செ.மீ.க்குக் குறைவான பகுதிக்கு 13 டிகிரி, 30 முதல் 90 செ.மீ. வரை 10 டிகிரி, அதற்கு மேல் 180 செ.மீ. வரை 7. கனமான ஃபுட்டிங் தன் சூட்டைத் தானே வைத்துக்கொள்ளும், மெல்லிய சுவரால் முடியாது.

அந்த 13 டிகிரியை எப்படிப் பெறுவது? கலவையில் எளிதில் சூடாக்கக்கூடியது தண்ணீர். ஒரே எடைக்கு ஜல்லியையும் சிமென்ட்டையும்விட அது நாலரை மடங்கு வெப்பம் சுமக்கும். ஒரு கன மீட்டருக்கு சிமென்ட் 350 கிலோ, மணலும் ஜல்லியும் 1850 கிலோ, தண்ணீர் 165 கிலோ என்று எடுப்போம். சிமென்ட் 5 டிகிரி, ஜல்லி 2 டிகிரி. தண்ணீரும் 5 டிகிரியில் இருந்தால் கலவை 3 டிகிரிதான். தண்ணீரை 60-க்குச் சூடாக்கினால் 17 டிகிரி. காகிதத்தில் நன்றாக இருக்கிறது.

ஆனால் மணலும் ஜல்லியும் ஈரமாக இருக்கும். 3 சதவீத ஈரம் என்றால் 55 கிலோ தண்ணீர் ஏற்கெனவே 2 டிகிரியில் உள்ளே வந்துவிட்டது. நீங்கள் சூடாக ஊற்றக்கூடியது 110 கிலோ மட்டும். கலவை 12 டிகிரிக்கு இறங்குகிறது. இன்னும் மோசம்: அந்த ஈரம் உறைந்து, குவியல் மைனஸ் 4 டிகிரியில் கிடந்தால், பனியை உருக்கவே வெப்பத்தின் பெரும்பங்கு போய்விடும், 60 டிகிரித் தண்ணீர் ஊற்றியும் கலவை 1 டிகிரியைத் தாண்டுவது கஷ்டம். ஆகவே முதல் செலவைக் கொதிகலனில் போடாதீர்கள். மணல், ஜல்லிக் குவியலைத் தார்ப்பாயால் மூடி, பனியும் மழையும் படாமல், மேடான இடத்தில் வடிய விட்டு வையுங்கள். ஒரு தார்ப்பாய் செய்யும் வேலையைச் சூடான தண்ணீரால் செய்ய முடியாது.

60 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர் சிமென்ட்டை நேராகத் தொட்டால் கலவை உடனே விறைத்து உருண்டை கட்டும். முதலில் தண்ணீரும் ஜல்லியும் சுற்றட்டும், சூடு பரவிய பிறகு சிமென்ட் போகட்டும். ரெடிமிக்ஸ் வாங்குபவர்கள், ஆலையில் இருந்த வெப்பநிலையைக் கேட்டு நின்றுவிடாமல், லாரி இறக்கும் இடத்தில் தெர்மாமீட்டரைக் கலவைக்குள் விட்டுப் பாருங்கள். பயணத்திலும் காத்திருப்பிலும் சில டிகிரி போயிருக்கும்.

தரைக்கு மேலேயும் உறையும் ஆழத்துக்குள்ளும் வரும் சுவர், பிளின்த் (சுவரின் அடிப்பீடம்) பகுதிகளுக்குக் காற்று சேர்க்கும் கலப்பு கட்டாயம். 20 மி.மீ. ஜல்லியுள்ள கலவையில் 6 சதவீதக் காற்று, ஒன்றரை சதவீதம் கூடக் குறைய. கண்ணுக்குத் தெரியாத இந்தக் குமிழ்கள் ஒன்றுக்கொன்று 0.2 மி.மீ. அளவில் நெருங்கியிருந்தால், உறையும் தண்ணீர் பக்கத்துக் குமிழுக்குள் புகுந்துகொள்ளும். கான்கிரீட் செதில் செதிலாக உதிராது. தண்ணீர்–சிமென்ட் விகிதம் 0.45-ஐத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு சதவீதக் காற்றுக்கும் சுமார் 5 சதவீதம் பலம் குறையும் என்பதைக் கலவை வடிவமைப்பிலேயே ஈடு செய்திருக்க வேண்டும். பம்ப் வழியாகப் போகும்போது காற்றின் அளவு மாறும் என்பதால் காற்றளவு மீட்டர் சோதனையைக் குழாயின் முனையில் செய்வது நல்லது.

இறுகும் வேகத்தைக் கூட்டும் கலப்புகள் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு: அவை கான்கிரீட் உறையாமல் தடுக்கும் என்று. தடுக்காது, 3.5 மெகாபாஸ்கலுக்கு விரைவாகக் கொண்டுபோகும், அவ்வளவே. கால்சியம் குளோரைடு மலிவானது, ஆனால் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். கம்பி போடாத கான்கிரீட்டில் மட்டும், சிமென்ட் எடையில் 2 சதவீதத்துக்கு மிகாமல் போடலாம். கம்பி இருந்தால் குளோரைடு இல்லாத ரகம் கேளுங்கள். உறையாமல் இருக்க உப்புத் தண்ணீரில் கலக்கலாம் என்று எந்த மேஸ்திரி சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். சாம்பல் கலந்த சிமென்ட் குளிரில் மிக மந்தமாக இறுகும். குளிர்கால வேலைக்கு அதன் பங்கைக் குறைக்கச் சொல்லலாம், அல்லது கன மீட்டருக்கு 60 கிலோ சிமென்ட் கூடுதலாகப் போட்டு வேகத்தைப் பெறலாம்.

ஊற்றும் முன்பும் பின்பும்

உறைந்த மண்மீது ஒருபோதும் ஊற்றாதீர்கள். இரண்டு கேடு: கலவையின் அடிப்பகுதி இறுகாமலே நிற்கும், பிறகு மண் உருகும்போது ஃபுட்டிங் கோணலாக இறங்கும். தோண்டிய அன்றே குழியைக் காப்புப் போர்வையால் மூடுவது, உறைந்தபின் உருக்குவதைவிட எத்தனையோ மடங்கு மலிவு. உறைந்துவிட்டால், சூடான கிளைக்கால் (glycol, எளிதில் உறையாத) திரவம் ஓடும் குழாய்களைத் தரையில் பரப்பி மேலே போர்வை மூடி உருக்கலாம். உருகிய மண் சேறாகியிருந்தால் அதை வாரி எடுத்துவிட்டு, உறையாத சரளை போட்டுக் கெட்டிக்க வேண்டும். சேற்றின்மேல் பி.சி.சி. (கம்பியில்லாச் சாதாரணக் கான்கிரீட்) போட்டு மறைப்பது பிரச்சினையைப் புதைப்பதுதான். கான்கிரீட் வார்க்கும் பலகைக்குள்ளும் கம்பியிலும் ஒட்டிய பனியையும் நீக்குங்கள். தண்ணீர் பீய்ச்சாமல் சூடான காற்றால் நீக்குங்கள், இல்லாவிட்டால் அந்தத் தண்ணீரும் உறையும்.

ஊற்றி முடித்ததும் மூடுவதற்கான போர்வைகள் ஊற்றத் தொடங்கும் முன்பே பக்கத்தில் தயாராக இருக்கட்டும். ஒரு ஃபுட்டிங்கின் மூலையைப் பாருங்கள். நடுப்பகுதி வெப்பத்தை மேல்முகம் வழியாக மட்டும் இழக்கிறது. மூலையோ மேல், இரு பக்கம் என மூன்று முகம் வழியாக இழக்கிறது. நடுவில் 15 டிகிரி காட்டும் அதே நேரத்தில் மூலை பூஜ்யத்தைத் தொடும். மூலைக்கும் விளிம்புக்கும் போர்வையை இரண்டு, மூன்று மடிப்பாகப் போடுங்கள். வெப்பமானியையும் மூலையில், மேற்பரப்பிலிருந்து 3, 4 செ.மீ. உள்ளே வையுங்கள். நடுவில் வைத்த மானி நல்ல செய்தி மட்டும்தான் சொல்லும். கான்கிரீட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளும் சூட்டைக் கடத்தி வெளியே விடும், அவற்றையும் சேர்த்து மூடுங்கள். பிளைவுட் பலகை நல்ல காப்பு. இரும்பு ஷட்டரிங் காப்பே அல்ல, அதன் வெளிப்பக்கமும் போர்வை வேண்டும். காற்றடித்தால் தூக்காதபடி ஓரங்களில் பாரம் வையுங்கள்.

கூடாரம் கட்டி ஹீட்டர் வைப்பதானால், புகையை வெளியே விடும் வகையைத்தான் வைக்க வேண்டும். புகை உள்ளே நின்றால் அதிலுள்ள கரியமில வாயு புதுக் கான்கிரீட்டின் மேற்பரப்பிலுள்ள சுண்ணாம்போடு வினைபுரிந்து, தேய்த்தால் மாவாக உதிரும் மென்படலத்தை உண்டாக்கும். கார்பன் மோனாக்சைடு அங்கே வேலை செய்பவர்களின் உயிருக்கே ஆபத்து. இதில் சமரசம் கிடையாது. இன்னொன்று: மைனஸ் 10 டிகிரிக் காற்றை 15-க்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 15 சதவீதத்துக்கும் கீழே விழும். அந்த வறண்ட காற்று கான்கிரீட்டை உறிஞ்சி வெடிப்பு விடவைக்கும். எனவே பாலிதீன் மூடியிருக்க வேண்டும். தண்ணீர் தேக்கிக் கியூரிங் செய்யும் பழக்கத்தைக் குளிர்காலத்தில் விட்டுவிடுங்கள்.

எத்தனை நாள் மூட வேண்டும்? பாரம் ஏறாத, மண்ணுக்குள் புதையும் ஃபுட்டிங்குக்கு இரண்டு நாள். வெளியே தெரியும் சுவருக்கு மூன்று நாள். சீக்கிரமே ஓரளவு பாரம் ஏற்றப்போவதானால் ஆறு. இவை ஏ.சி.ஐ. தரும் குறைந்தபட்சம், கான்கிரீட் மேலே சொன்ன வெப்பநிலையில் நின்றால் மட்டும் செல்லும். நாளை எண்ணுவதைவிட வெப்பத்தை எண்ணுவது மேல். நர்ஸ், சால் என்ற இருவர் பெயரில் வழங்கும் எளிய கணக்கில், கான்கிரீட்டின் வெப்பநிலையோடு 10 கூட்டி, மணிநேரத்தால் பெருக்க வேண்டும். 20 டிகிரியில் 24 மணிநேரம் என்றால் 720. 5 டிகிரியில் நின்றால் அதே 720-க்கு 48 மணிநேரம். மானி காட்டும் எண்ணை இப்படிக் கூட்டிவந்தால் பலகையை எப்போது கழற்றலாம் என்று ஊகிக்கத் தேவையில்லை. சூடான ஆய்வகத்தில் வைத்த கியூப் (சோதனைக்கு வார்த்த கனசதுரம்) நல்ல பலம் காட்டினால், கலவை நல்ல கலவை என்றுதான் அர்த்தம். வெளியே குளிரில் நிற்கும் மூலையைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

போர்வையை ஒரேயடியாக உருவாதீர்கள். 30 செ.மீ.க்குக் குறைந்த குறுக்களவுக்கு முதல் 24 மணிநேரத்தில் 28 டிகிரிக்கு மேல் இறங்கக் கூடாது. கனமான பகுதிக்கு அனுமதி இன்னும் குறைவு. மேல்தோல் சட்டென்று குளிர்ந்து சுருங்க, உள்ளே சூடாகவே இருந்தால் வெடிப்பு நிச்சயம்.

மூடியதையும் மீறி உறைந்துவிட்டதா என்ற சந்தேகம் வந்தால், கெட்டியாக இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். உறைந்த கலவையும் கல்போலத்தான் இருக்கும். ஒரு சிறு இடத்தில் வெந்நீர் ஊற்றிப் பாருங்கள்; இளகினால் அது பனிதான், இறுகவில்லை. மேற்பரப்பில் பெரணி இலை வடிவக் கோடுகள் பதிந்திருந்தால் பனிப்படிகம் வளர்ந்த தடம் அது. மேல்தோலில் ஓரிரு மி.மீ. மட்டுமா, ஆழமாகவா என்று கோர் (துளையிட்டு எடுக்கும் உருளை மாதிரி) எடுத்துப் பார்த்த பிறகே மேலே கட்ட வேண்டும். ஃபுட்டிங் முழு ஆழத்துக்கும் உறைந்திருந்தால் உடைத்து எடுப்பதுதான் மலிவு. அதன்மேல் வீடு நிற்கும்போது அந்த வாய்ப்பு இருக்காது.

பாதியில் நிறுத்திய வேலை

இலையுதிர்காலத்தில் அஸ்திவாரம் போட்டு, குளிர்காலம் முழுக்க அப்படியே விட்டு, வசந்தத்தில் சுவர் எழுப்பலாம் என்ற திட்டம் சகஜம். இங்கேதான் சரியாகக் கட்டிய அஸ்திவாரமும் கெடுகிறது. உறையும் ஆழத்துக்குக் கீழே ஃபுட்டிங் இருப்பதாகச் சொல்வது வெளித்தரையிலிருந்து அளந்த கணக்கு. நிலவறைக்குத் தோண்டிய வீட்டில், உள்பக்கம் ஃபுட்டிங்கின் மேல் பத்துப் பதினைந்து செ.மீ. மண்கூட இருக்காது. கூரையும் வெப்பமும் இல்லாத அந்தக் குழியில் குளிர் உள்பக்கமிருந்து ஃபுட்டிங்குக்கு அடியில் புகுந்து அதைத் தூக்கிவிடும். தரைத்தளம் போடாத சுவருக்கு மேலே தாங்கல் கிடையாது; பின்னால் நிரப்பிய மண் உறைந்து பக்கவாட்டில் தள்ளினால் நடுவில் கிடைமட்டமாக விரிசல் விழும். உறைந்த கட்டிகளைக் கொட்டி நிரப்பியிருந்தால் அவை உருகியதும் மண் அமிழ்ந்து, மழைநீர் சுவரை நோக்கி ஓடத் தொடங்கும்.

நிறுத்தத்தான் வேண்டும் என்றால், ஃபுட்டிங்கின் உள்ளும் வெளியுமாக இருபுறமும் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்குக் காப்புப் போர்வையோ தடித்த வைக்கோல் படுகையோ போட்டு, மேலே பாலிதீன் மூடி, பாரம் வையுங்கள். வைக்கோல் நனைந்தால் பயனில்லை. குழியில் தண்ணீர் தேங்காமல் பம்ப் வைத்து இறையுங்கள். மேல்தளம் இல்லாத சுவருக்குப் பின்னால் மண் நிரப்பாமல் விடுங்கள். நிரப்பியே ஆக வேண்டுமானால் உள்ளே முட்டுக் கொடுங்கள். நான்கு மூலையிலும் ஒவ்வொரு சுவரின் நடுவிலும் ஆணி அடித்து, தள்ளியிருக்கும் அசையாத ஒரு குறியோடு ஒப்பிட்டு மட்டத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வசந்தத்தில் மண் முழுதும் உருகி வடிந்த பிறகு மறுபடி மட்டம் எடுங்கள். ஒரு மூலை மட்டும் சில மி.மீ. மாறியிருந்தால்கூட, அந்த மூலையின் அடியில் வெற்றிடம் இருக்கிறதா என்று தோண்டிப் பார்த்த பிறகே முதல் வரிசைச் செங்கலை வையுங்கள்.